காங்கேயம் காளையும் அரபுக் குதிரையும்



எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களை ‘எங்கள் வீட்டுப் பிராணி’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். பிள்ளைகள் நாயையும் பூனையையும் கோழியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் நான்கு வரி எழுதிவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டான். “ஏன் தம்பி, அதற்குள் முடிந்துவிட்டதா?” என்று கேட்டோம்.

“இல்ல சார், எங்க மாடு என்ன மாடுன்னு தெரியல. அப்பாவைக் கேட்டேன், பால் கறக்கிற மாடுன்னாரு. பாட்டியைக் கேட்டேன், நாட்டு மாட்டோட பேத்தின்னாங்க. இதுல எதை எழுதறது?” என்றான்.

வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்று அந்தப் பிள்ளைக்குச் சரியான விடை சொல்ல எங்களால் முடியவில்லை. ஒரு பிராணியின் வம்சம் என்றால் என்ன? அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? அது எப்படித் தொலைந்து போகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

முதலில் பாலைவனத்திற்குப் போவோம். உலகத்தில் குதிரை வளர்ப்போர் எல்லாரும் பெருமையோடு பேசும் குதிரை அரபுக் குதிரை. குழிந்த முகம், அகன்ற நாசி, உயர்ந்து நிற்கும் வால், எவ்வளவு தூரம் ஓடினாலும் சோராத மூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். இந்தக் குதிரையை உருவாக்கியவர்கள் அரண்மனைவாசிகள் அல்லர். கூடாரம் அடித்து, இடம் விட்டு இடம் பெயர்ந்து வாழ்ந்த பெதூயின் மக்கள் அவர்கள். ஏட்டையும் எழுத்தாணியையும் நம்பாமல், குதிரையின் வம்சாவளியை மனத்திலேயே வைத்திருந்தார்கள்.

அவர்கள் வம்சத்தைத் தாய் வழியாகவே எண்ணினார்கள் என்பது வியப்பான செய்தி. குட்டிக்குத் தாய்க்குதிரையின் குலப்பெயரே வரும். குஹைலான், சக்லாவி, அபையான், ஹம்தானி, ஹத்பான் என்று ஐந்து பெயர்களைச் சிறப்பாகச் சொல்வார்கள். கலப்பு இல்லாத குதிரைக்கு ‘அசீல்’ என்று பெயர். பொலிகுதிரை எது என்பதைச் சாட்சி வைத்து உறுதி செய்த பிறகே தாய்க்குதிரையைச் சேர்ப்பார்கள்.

இவ்வளவு கவனமாகக் காத்த வம்சமும் ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்தது. எகிப்தை 1848 முதல் 1854 வரை ஆண்ட அப்பாஸ் பாஷா, பாலைவனக் குலங்களிடம் ஆளனுப்பி, மிகச் சிறந்த குதிரைகளை வாங்கிச் சேர்த்தார். ஒவ்வொரு குதிரையின் வம்சத்தையும் குலப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கச் செய்தார். 1854-இல் அவர் கொல்லப்பட்ட பிறகு அந்தக் குதிரைகள் சிதறின. அலி பாஷா ஷெரீஃப் என்பவர் அவற்றில் ஒரு பகுதியைத் தேடிச் சேர்த்து வளர்த்தார். அவர் காலத்தின் இறுதியில் அந்த மந்தையும் கலைந்து விற்பனைக்கு வந்தது.

அப்போது அந்த இரத்தத்தில் ஒரு பங்கைக் காப்பாற்றியவர்கள் லேடி ஆன் பிளண்ட், அவர் கணவர் வில்ஃபிரிட் பிளண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர். 1878-இல் இங்கிலாந்தில் கிராபெட் என்ற இடத்தில் குதிரைப் பண்ணை தொடங்கினார்கள். எகிப்தில் கெய்ரோ நகருக்கு அருகிலும் ஒரு தோட்டம் வாங்கி அங்கேயும் குதிரைகள் வளர்த்தார்கள். அலி பாஷாவின் குதிரைகள் பலவற்றை வாங்கினார்கள். அரபு மொழியைக் கற்றுக்கொண்ட லேடி ஆன், ஒவ்வொரு குதிரையின் தாய், தாயின் தாய் என்று விசாரித்துக் குறித்து வைத்தார். 1917-இல் கெய்ரோவில் காலமானார்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1920-இல் எகிப்தின் அரச வேளாண்மைச் சங்கத்தார், தங்கள் நாட்டுப் பழைய வம்சம் வேண்டுமென்று இங்கிலாந்துக்குப் போய், கிராபெட் பண்ணையிலிருந்து குதிரைகளை விலைக்கு வாங்கி வந்தார்கள். தன் வீட்டு விதையைத் தொலைத்தவன், பக்கத்து வீட்டுக்காரன் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தான் என்பது போன்ற கதை இது. யாரோ ஒருவர் வைத்திருந்தார். வைத்திருந்ததோடு எழுதியும் வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்ததால்தான் திரும்பக் கிடைத்தது. எழுத்து இல்லாமல் குதிரை மட்டும் இருந்திருந்தால், எது எந்த வம்சம் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

இந்த அரபுக் குதிரைக்கும் நம் தமிழ் நிலத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தையும், அங்கே வந்து இறங்கிய குதிரைகளையும் பற்றி எழுதியிருக்கிறார். அக்காலத்துப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப், இந்தியத் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார். அவற்றுக்காகப் பாண்டிய நாட்டுப் பொன் கப்பல் கப்பலாக வெளியே போயிற்று.

இத்தனை ஆயிரம் குதிரைகள் வந்தனவே, அவற்றின் வம்சம் எங்கே? நெல்லையிலோ மதுரையிலோ அந்தப் பழைய அரபு வம்சம் என்று சொல்ல ஒரு குதிரைகூட மிஞ்சவில்லை. காரணத்தை மார்க்கோ போலோவே சொல்கிறார். குதிரையைப் பராமரிக்க இந்த நாட்டாருக்குத் தெரியவில்லை. வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்கள். குதிரை வைத்தியர் இல்லை. விற்க வந்த வணிகர்கள் வைத்தியர்களை இங்கே வர விடவும் இல்லை. குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! வாங்கினார்கள், இழந்தார்கள், மறுபடி வாங்கினார்கள். வளர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. பொன் கொடுத்து வாங்கிய பொருள் நிலைக்கவில்லை.

ஆனால் அதே தமிழ் நிலத்தில், விலை கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே வளர்த்த ஒரு வம்சம் இன்றும் நிற்கிறது. அதுதான் காங்கேயம் மாடு. இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் காங்கேயம் என்ற ஊரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கொங்கு நாட்டிலிருந்து, கரூர் பக்கத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்களின் பெரியவர்கள் அந்த மாட்டைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு மாறிச் சாம்பல் நிறம் வரும். காளை வளர வளர, தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கறுத்துவிடும். பசு வெண்மை கலந்த சாம்பல் நிறத்தில் நிற்கும். காயடித்த எருதின் கறுப்பு வெளுத்துவிடும். உறுதியான குளம்பு, அளவான உடல், வெயிலுக்கு அஞ்சாத தன்மை ஆகியவற்றால் கவலை இறைக்கவும், ஏர் உழவும், பாரவண்டி இழுக்கவும் இதைப் போல மாடு இல்லை என்று பெயர் வாங்கியது.

இந்த மாட்டை உருவாக்கியதில் அந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. மழை குறைந்த அந்த வட்டாரத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுவே வெள்வேல மரங்கள். அவற்றின் காய்கள் கோடைக்காலத் தீனி. ஒரு பகுதியில் புல் குறைந்தால் படலைத் திறந்து அடுத்த பகுதிக்கு ஓட்டுவார்கள். வேலி இருப்பதால் எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்பதும் வளர்ப்பவன் கையில் இருந்தது. ஆகவே கொறங்காடு மாட்டுக்குத் தீனியும் கொடுத்தது, வம்சத்துக்குக் காவலும் கொடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த இனத்தைப் பேணியவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். தேர்ந்த பசுக்களையும் பொலிகாளைகளையும் பெரிய மந்தையாக வைத்து வளர்த்தார். அவர் பண்ணைக் காளையின் கன்று என்றால் சந்தையில் தனி மதிப்பு. எகிப்தில் ஒரு பாஷா செய்ததைக் கொங்கு நாட்டில் ஒரு பட்டக்காரர் செய்தார் என்று சொல்லலாம்.

பிறகு காலம் மாறியது. கிணற்றில் கவலை இருந்த இடத்தில் மின்சாரப் பம்பு வந்தது. ஏருக்குப் பதில் டிராக்டர் வந்தது. பாரவண்டிக்குப் பதில் லாரி வந்தது. மாட்டின் வேலை போயிற்று. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் தரும் காங்கேயம் பசுவுக்குப் பதிலாக, பத்து லிட்டருக்கு மேல் தரும் கலப்பினப் பசு வந்தது. கொறங்காடுகள் பல, வீட்டுமனைகளாக மாறின. வண்டி வண்டியாக நாட்டு மாடுகள் கேரளத்து இறைச்சிச் சந்தைக்குப் போயின. முதலில் குறைந்தவை காளைகள்தாம். பால் கறக்காத காளையை யார் சும்மா வைத்துத் தீனி போடுவார்?

இந்த நிலையில்தான் 2009-இல் காங்கேயத்தை அடுத்த குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். பொலிகாளைகளை வளர்ப்பது, நாட்டு மாடுகளுக்குச் சந்தை உண்டாக்குவது, கொறங்காட்டின் பயனை எடுத்துச் சொல்வது போன்ற பணிகள் அங்கே நடந்தன. பிறகு வந்தது சல்லிக்கட்டு வழக்கு. 2014 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டார்கள். தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. சல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்பதில் பல கருத்துகள் உண்டு. ஆனால் அந்த வாதத்தின்போது காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி என்ற பெயர்களை ஊரறிய, உலகறியச் சொன்னார்கள். பெயர் தெரிந்தால்தானே காப்பாற்றத் தோன்றும்?

நேயர்களே, வம்சம் எப்படித் தொலைகிறது என்பதை இனிக் கணக்காகப் பார்ப்போம். பிள்ளைகள் பென்சில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாட்டுப் பசுவுக்கு வெளிநாட்டுக் காளையின் சினை ஊசி போடுகிறோம். பிறக்கும் கிடாரியில் நாட்டு இரத்தம் பாதி. அந்தக் கிடாரிக்கும் அதே ஊசி. அதன் கன்றில் நாட்டு இரத்தம் கால் பங்கு. அடுத்த தலைமுறையில் அரைக்கால், அதாவது 8-இல் 1 பங்கு. அதற்கடுத்து 16-இல் 1 பங்கு. ஐந்தாம் தலைமுறையில் 32-இல் 1 பங்கு. நூற்றுக்கு மூன்று மட்டும்! ஒரு பசு மூன்று வயதில் முதல் கன்று ஈனும் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து ஆண்டுகளில் இது நடந்துவிடும். பாட்டி தன் கையால் கறந்த மாட்டின் வம்சம், பேரன் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. கொட்டகையில் மாடு இல்லாமல் போவதில்லை. ஆகவே இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

‘அப்படியானால் கலக்கவே கூடாது, ஒரே வம்சத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் போதும்’ என்று நினைத்தால் அதுவும் தவறு. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நூறு பசுக்கள் இருந்தாலும் காளை ஒன்றே ஒன்றுதான் என்றால், அந்த மந்தை வம்சக் கணக்கின்படி ஏறக்குறைய நான்கே மாடுகள் உள்ள மந்தைக்குச் சமம். ஏனென்றால் அடுத்த தலைமுறையில் பிறப்பவை எல்லாம் ஒரு தகப்பனின் பிள்ளைகள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும்.

அரபுக் குதிரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சில அரபுக் குட்டிகள் பார்ப்பதற்கு நன்றாகப் பிறக்கும். ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி அடியோடு இருக்காது. தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு தீர்ந்ததும் சளியும் காய்ச்சலும் கண்டு, ஐந்தாறு மாதத்திற்குள் இறந்துவிடும். தாயிடமும் தகப்பனிடமும் அந்தக் குறை மறைவாக இருந்தால், பிறக்கும் குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு இது வரக்கூடும். 1997-இல் இதற்குக் காரணமான மரபுக்கூற்றைக் கண்டுபிடித்தார்கள். இப்போது இரத்தச் சோதனையால் முன்கூட்டியே அறிந்து, குறையுள்ள இரண்டைச் சேர்க்காமல் தவிர்க்கிறார்கள். நல்ல குதிரையைக் கழித்துவிட வேண்டியதில்லை. குறையில்லாத துணையோடு சேர்த்தால் போதும். ஆகவே பழைய வம்சத்தைக் காப்பது என்பது கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சுற்றுவது அல்ல. ஒரே இனத்தில் பல காளைகளை, பல தாய்வழிகளை, பல ஊர்களில் வைத்திருந்து, கணக்குப் பார்த்து மாற்றி மாற்றிச் சேர்ப்பதாகும்.

தேயிலை மலையில் வாழும் நமக்கு இது புரியாத செய்தி அல்ல. பழைய காலத்தில் விதை போட்டு வளர்த்த தேயிலைச் செடிகளைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு செடிகளின் இலைகூட ஒன்றுபோல் இராது. ஒன்று அகன்ற இலை, ஒன்று குறுகிய இலை. ஒன்று முந்தித் துளிர்க்கும், ஒன்று பிந்தித் துளிர்க்கும். ஒரே செடியிலிருந்து கிளை வெட்டி நட்ட புதிய கன்றுகளோ, இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே இருக்கும். கொழுந்து அதிகம், பறிக்கவும் சுலபம். ஆனால் ஒரு செடிக்குப் பிடிக்கும் நோய் எல்லாச் செடிக்கும் பிடிக்கும். புதிய செடியைத் தேட வேண்டிய நாளில், பழைய விதைச் செடிகளுக்குள்ளேதான் தேட வேண்டியிருக்கும். பழையதை வைத்திருப்பது பழம்பெருமைக்காக அன்று, வரப்போகும் நாளுக்காக.

நம் மலேசியாவிலும் காப்பாற்ற வேண்டிய வம்சங்கள் இருக்கின்றன. கெடா, கிளந்தான் மாநிலங்களின் பெயரால் வழங்கும் உள்நாட்டு மாடு சிறியது. கிடைத்த தீனியைத் தின்று, வெயிலையும் உண்ணியையும் தாங்கி, தவறாமல் கன்று ஈனும். காச்சாங் ஆடு என்ற சிறிய நாட்டு ஆடும் உண்டு. இவற்றோடு நம்மவர்கள் இந்தியாவிலிருந்து வந்த காலத்தில் வந்து சேர்ந்த மாடுகளும் உண்டு. பல இந்திய இனங்கள் கலந்து, இந்த நாட்டுப் புல்லுக்கும் மழைக்கும் பழகிப் போன அந்த மாட்டை, கால்நடைத் துறையினர் உள்நாட்டு இந்தியப் பால்மாடு என்று தனியாகவே குறிப்பிடுகிறார்கள். தோட்டத்து லயங்களின் பின்னால் தகரக் கொட்டகையில் நின்று, எத்தனையோ பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மாடு அதுதான். நமது உழைப்புக்கு எழுதப்பட்ட சரித்திரம் கொஞ்சம். அந்த மாட்டின் உழைப்புக்கு அதுவும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதி தாருங்கள். எங்கள் தாத்தா கரூர் பக்கத்திலிருந்து வந்தவர். முதலில் கீழே பால்மரத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்த மலைக்கு ஏறி வந்தார். கையில் காசு சேர்ந்ததும் ஈப்போ பக்கத்துப் பால்காரர் ஒருவரிடம் ஒரு நாட்டுப் பசு வாங்கினார். காமாட்சி என்று பெயர் வைத்தார். தாத்தாவுக்கு அதிகம் படிப்பில்லை. ஆனால் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில், காமாட்சி எந்த மாதம் எந்தக் காளைக்குச் சேர்ந்தாள், எப்போது ஈன்றாள், கன்றின் நிறம் என்ன, யாருக்குக் கொடுத்தோம் என்று வரிவரியாக எழுதி வைத்தார். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

தாத்தா காலத்துக்குப் பிறகு அப்பா சினை ஊசி போட ஆரம்பித்தார். காமாட்சியின் பேத்தி, அவளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பால் கறந்தாள். அந்தப் பால் விற்ற காசில்தான் எங்கள் பள்ளிச் செலவு நடந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும்போது வாங்கிய இரும்புப் பெட்டியும் அந்தக் காசுதான். ஆகவே அப்பா செய்தது தவறு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் வம்சம் பார்க்க முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. காமாட்சியின் கடைசிக் காளைக்கன்று, கலப்பில்லாத கன்று, கீழ்த் தோட்டத்தில் இருந்த சித்தப்பாவிடம் வளர்ந்தது. நன்றாக வளர்ந்து, கழுத்தும் திமிலும் கறுத்து நின்றதாம். ஒரு தீபாவளிக்கு முன் கைச்செலவுக்குப் பணம் போதவில்லை என்று சித்தப்பா அதை ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டார். அதுதான் கடைசி என்று அன்று அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஆற்றுநீர் கெடுகிறது என்று லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைகளை அகற்றச் சொன்னார்கள். இருந்த மாடுகளையும் விற்றோம். தாத்தா இறந்து வெகுகாலம் கழித்து அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான், காளைக்கன்றுகள் ஒவ்வொன்றாக யார் யாருக்குப் போயின, எந்த ஆண்டோடு அந்த வரிசை நின்றது என்பது எங்களுக்கு விளங்கியது. தீபாவளிக்கு முன் யாராவது ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்திருந்தால், அந்தக் காளைக்கு வேறு ஒரு கொட்டகை தேடியிருப்போம். அந்த நோட்டு இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மாடுதான் இல்லை.

அரபு நாட்டில் குதிரையும் இருந்தது, கணக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் கணக்கு இருந்தது, பார்ப்பவர் இல்லை. இன்னும் மாடு வைத்திருக்கும் உங்களில் பலர் வீட்டில் மாடு இருக்கிறது, கணக்கு இல்லை. மாடு போன பிறகு கணக்கை வைத்து மாட்டைக் கொண்டுவர முடியாது. மாடு இருக்கும்போது கணக்கைத் தொடங்க முடியும். ஆகவேதான் இன்று உங்களிடம் பேசுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மாட்டின் பெயர், நிறம், தாய், தகப்பன், சினைக்குச் சேர்த்த நாள், ஈன்ற நாள், கன்று ஆணா பெண்ணா, யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதுங்கள். ஆட்டுக்கும் கோழிக்கும்கூட எழுதலாம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடமே கொடுங்கள். இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி வேறு இல்லை.

இரண்டாவது, சினை ஊசி போடும்போது எந்த இனத்துக் காளை, அதன் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய்க்குப் போட்ட அதே காளையின் ஊசியை மகளுக்கும் போட்டால், தகப்பனையும் மகளையும் சேர்த்த குற்றம் ஆகும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, இரண்டு மூன்று பசுக்கள் வைத்திருப்பவர்கள் பாலுக்காகக் கலப்புப் பசுவை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு நாட்டுப் பசுவையாவது நாட்டுக் காளைக்கே சேர்த்து வாருங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் காக்க முடியாது. ஒரு தோட்டத்தில் ஒரு வீடு, பத்துத் தோட்டத்தில் பத்து வீடு என்றால் அதுவே ஒரு மந்தை.

நான்காவது, நல்ல நாட்டுக் காளைக்கன்று பிறந்தால், விற்பதற்கு முன் நான்கு பேரிடம் சொல்லுங்கள். கால்நடைத் துறை அலுவலகத்திலும் சொல்லுங்கள். கோயில் காளையாக விடும் வழக்கம் நம்மிடம் உண்டு அல்லவா? நம் முன்னோர் பக்தியின் பெயரால் ஒரு பொலிகாளையை ஊர்ப் பொதுவில் வளர்த்தார்கள். அந்தப் பழக்கத்தின் பயனை மறந்துவிட வேண்டாம்.

முடிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வம்சம், இரத்தம், கலப்பு என்று இவ்வளவு நேரம் பேசினோம். இது மாட்டுக்கும் குதிரைக்கும் சொன்ன கணக்கு. மனிதனுக்குச் சொன்னது அன்று. மாட்டை மனிதன் தன் தேவைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறான். மனிதனை அப்படித் தேர்ந்தெடுக்க எவனுக்கும் உரிமை இல்லை. ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் படுத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நாம். நம்மில் எவரும் இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு மற்றவர் வீட்டு வாசலில் நின்று குலம் கேட்கக் கூடாது. மனிதனுடைய மதிப்பு அவன் படிப்பிலும் நடத்தையிலும் இருக்கிறது.

அந்தப் பையன் கட்டுரை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் அவனிடம், “தம்பி, அப்பா சொன்னதும் சரி, பாட்டி சொன்னதும் சரி. பாட்டியிடம் உட்கார்ந்து அவர் சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டு வா” என்று சொன்னோம். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். மாட்டின் தாய், தாயின் தாய், அதை எந்தத் தோட்டத்திலிருந்து வாங்கினார்கள், எத்தனை வெள்ளி கொடுத்தார்கள், மழைக்காலத்தில் அதற்கு யார் புல் அறுத்தார்கள் என்று எல்லாம் இருந்தது. கடைசியில், “இதற்கு மேல் பாட்டிக்கு ஞாபகம் இல்லை” என்று எழுதியிருந்தான். பிழை திருத்தும் சிவப்புப் பேனாவை நாங்கள் அந்த வரிக்குக் கீழே வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு இன்னும் ஞாபகம் இருக்கலாம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.